கெல்லருக்குள் கண்ணூறு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் வீட்டு ஹைசுங் பழுதாகிக்கொண்டே இருந்ததற்கு என் சிநேகிதன் குணத்தின் கண்ணூறுதான், அவன் கண்பட்டதுதான், காரணம் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

சிரிக்காதீர்கள். சாட்சியம் பலமாக இருந்தது!

இங்கே ஜெர்மனியில் ஹைசுங் என்பது கெல்லரில் — வீட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் — சுவரில் தொங்கும் காஸ் பெட்டி. வீட்டுக்குச் சூடும் குளிக்கச் சுடுதண்ணீரும் அதுதான் தரும். மார்கழியில் வந்த குணம் அதைத் தட்டிப் பார்த்து, "உனக்கென்னடா மச்சான், ராசா மாதிரி இருக்கிறாய்!" என்றான்.

மூன்றாம் நாள் அதன் சர்க்கிட் போர்ட் எரிந்தது. புதுசு போட்டார்கள். இரண்டு கிழமையில் அதுவும் போயிற்று. பெட்டியில் தேசிக்காயும் — எலுமிச்சைதான் — செத்தல் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். குணம் எனக்குப் போன் எடுத்தால், நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது போர்ட்டும் படுத்தது. வெளியே மைனஸ் ஒன்பது. வெள்ளிக்கிழமை மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருகிறாள். பிறந்து ஐந்து நாளான பேத்தியை இந்த ஐஸ்பெட்டிக்குள்ளா கிடத்துவது?

அதைவிடப் பெரிய பயம்... இது காஸ் அல்லவா? போர்ட்டோடு நிற்குமா, வீட்டோடு போகுமா? பெட்டியில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். பொரித்த மீன்தான் மணந்தது.

காரணம் உண்டு. ஐப்பசியில் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக வந்தபோது கறி மணம் அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது. எங்கள் ஆட்கள் பலரும் செய்வதுபோல நாங்களும் அடுப்பைக் கெல்லருக்கு இறக்கினோம். திருத்துகிறவர் வருகிற நாளில் மட்டும் என் மனைவி ராணி அடுப்பை மேசைவிரிப்பால் மூடி, சட்டிபானையை ஒளித்து, வாசனை ஸ்பிரே அடித்துவிடுவாள். வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?

இந்தமுறை நான் போனில் அழாக்குறையாகக் கெஞ்சியதால், அந்தத் திருத்துகிற மனிதர் டெர்மின் இல்லாமலே, முன்கூட்டி நாள் குறிக்காமலே, வந்து நின்றார். ஜெர்மனியில்!

"இஞ்சாருங்கோ, அந்தாளை மேல நிப்பாட்டுங்கோ! புட்டு இன்னும் அவியேல்லை!" கீழேயிருந்து ராணி கத்தினாள்.

"ஏலாதப்பா, படியிறங்கிட்டார்!"

கெல்லர் முழுக்க ஆவி. அதற்குள் பிள்ளை பெற்ற மகளுக்கு அனுப்ப, பத்தியத்துக்கான சரக்குக்கறி கொதிக்கிறது. எங்களுக்கு மீன் பொரிகிறது. மனிதர் தேசிக்காயைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பாதுகாப்பு உபகரணம்."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, போர்ட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலில் மஞ்சள் பசை. மணந்து பார்த்தார். மெதுவாக அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"இங்கே எவ்வளவு காலமாகச் சமைக்கிறீர்கள்?"

ராணி என்னைப் பார்த்தாள். நான் தேசிக்காயைப் பார்த்தேன்.

"ஐப்பசியிலிருந்து... நாளுக்கு மூன்றுதரம்."

"முதல் இரண்டுதரம் வந்தபோது ஏன் சொல்லவில்லை?"

என்ன சொல்ல? ஐயா, உங்களுக்கு மணக்கும் என்று வெட்கப்பட்டோம் என்றா?

அன்றே அடுப்பு மேலே ஏறியது. வியாழக்கிழமை புதுப் போர்ட். வெள்ளிக்கிழமை பேத்தி இளஞ்சூடான வீட்டுக்குள் வந்து கொட்டாவி விட்டாள். பார்க்க வந்த குணம், "என்னடா மச்சான், வீடு நல்ல கணகணப்பு!" என்றான். அவனுக்கு இரண்டு மீன் துண்டு கூடுதலாக வைத்தேன். வீண்பழி போட்டதற்கு அபராதம்.

மூன்று போர்ட்டையும் எரித்தது, அந்தப் பெட்டி காற்றோடு உறிஞ்சிய எங்கள் புட்டு ஆவியும் மீன் பொரித்த எண்ணெய்ப் புகையும்தான்.