அழித்த வட்டம்

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், வாரத்துக்கு இரண்டு நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. அழைத்துப் போனதாக நான்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்ததும், இறங்கியபின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்ததும் அவர்தான்.

அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளிப் போடும் வேலை. சிறுநீரகம் இரண்டும் கெட்டபின் அந்த வேலை நின்றது. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதனால் துணைக்கு நான். முத்தாண்டிக்குப்பம் தாண்டிப் போனால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வழியெல்லாம் பலாப்பழம் குவித்து வைத்திருப்பார்கள். பஸ்ஸுக்குள்ளேயே வாசனை வரும். அப்பாவுக்கு அது ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவருடைய இடது கையில் ஒரு நரம்பையும் ரத்தக்குழாயையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த நரம்பு என் கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதில் இரண்டு ஊசி குத்துவார்கள். சிவப்பு கிளிப் போட்டது ரத்தத்தை மிஷினுக்கு எடுக்கும், நீலம் போட்டது சுத்தமான ரத்தத்தைத் திருப்பி அனுப்பும். ஊசி என்றால் காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி இல்லை. சாக்குத் தைக்கிற கோணி ஊசிதான் எனக்கு ஞாபகம் வரும்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் பல மாதம் குத்திக் குத்தி, அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி மினுமினுவென்று இருந்தது. தோல் மரத்துப்போயிருந்ததால் அங்கே வலி குறைவு. அப்பாவும் அங்கேயே போடச் சொல்லிக் கையை நீட்டுவார். புதிதாக வந்த சிஸ்டர் அதைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஒரே எடத்துல குத்திகினே இருந்தா தோலு நஞ்சிப்பூடும்ணா. ஒரு நாளைக்கு அதுவா பிச்சிக்கும். இனிமே ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு விரக்கட தள்ளித்தான்."

என் டிராயிங் நோட்டை வாங்கி, அதன்மேல் அப்பாவின் கையை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தார். வீங்கிய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அது ஆறும்வரை அங்கே ஊசி கூடாது என்றார். அன்றன்றைக்குக் குத்திய இடத்தில் சிவப்பிலும் நீலத்திலும் புள்ளி வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். வகுப்பில் லீடர் ஆனபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

புள்ளி வைப்பது சுலபம். பார்த்துக்கொண்டு நிற்பதுதான் முடியவில்லை. புது இடத்தில் ஊசி இறங்கும்போது அப்பாவின் கால்விரல்கள் போர்வைக்குள் மடங்கும். அவர் கத்தமாட்டார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம்போல் இருந்திருக்கும். இப்படியே இரண்டு வாரம் போனபின், சிஸ்டர் தன் கல்யாணத்துக்காக லீவில் போனார். அவருக்குப் பதிலாக வந்த டெக்னீசியன் அண்ணன் முதல் நாள் மூன்று முறை குத்தியும் நரம்பு பிடிபடவில்லை. நாலாவது தடவை, அப்பாவின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. அதற்குமுன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தேன். தாள் கொஞ்சம் தேய்ந்துபோனது. கடைசியாக வைத்த புள்ளிகளையும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து, முழங்கைப் பக்கம் தள்ளி வைத்தேன். மேலே இடம் தீர்ந்துவிட்டதுபோல் தெரிந்தால், அடுத்த ஊசி தானாகக் கீழேயுள்ள பழைய இடத்துக்கு வரவேண்டும் என்பது என் திட்டம்.

வந்தது. டெக்னீசியன் அண்ணன் நோட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"இந்த எடத்துல போடலாமா பாப்பா? சிஸ்டர் எதனா சொன்னாங்களா?"

"போடலாம்னு சொன்னாங்க."

வெண்ணெயில் இறங்குவதுபோல் ஊசி இறங்கிவிட்டது. அப்பாவின் கால்விரல்கள் மடங்கவில்லை. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு வந்த ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. மிஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் அப்பா தூங்கினார், அல்லது என்னோடு பேசினார். நான் ஊசி குத்தாத இடங்களில் அழகாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன்.

விடுமுறையின் கடைசி வாரத்தில், அப்பா காலையில் குளித்துவிட்டுச் சட்டையை மாட்டும்போது அந்த வீக்கத்தின் மேலிருந்த பொருக்கு பெயர்ந்தது. ரத்தம் ஒழுகவில்லை, பீய்ச்சியது. எதிர்ச்சுவரில் காலண்டர்வரை தெறித்தது. அம்மா ஓடிவந்து அலறினாள். அப்பா வலது கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு, கையைத் தலைக்குமேல் தூக்கியபடி கீழே உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல பாப்பா. துணி எடுத்தா. அம்மாகிட்ட ஆட்டோ கூப்புடச் சொல்லு."

குரல் சாதாரணமாக இருந்தது. உதடு மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அந்த நரம்பையே கட்டி மூடினார்கள். இடது கை இனி டயாலிசிஸுக்கு உதவாது என்றார்கள். கழுத்தில் ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள்.

மறுபடி எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிஸ்டர் லீவு முடிந்து வந்திருந்தார். நகத்தில் கல்யாண மருதாணி இன்னும் அழியாத கையால் நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தைப் புரட்டியவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நான் போட்ட வட்டம் எங்க?"

சிஸ்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் குழாய் இருந்ததால் அப்பாவால் திரும்ப முடியாது. மேலே மின்விசிறியைப் பார்த்தபடியே பேசினார்.

"நாந்தான் சிஸ்டர் அழிக்கச் சொன்னேன். வலி தாங்கல. பழைய எடத்துலயே போட்டுக்கலாம்னு நாந்தான் அப்படிப் பண்ணேன். கொழந்தைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சிஸ்டர் அவரைத் திட்டிய திட்டு அந்த அறையில் படுத்திருந்த ஐந்து பேருக்கும் கேட்டது. சொல்லச் சொல்லக் கேட்காமல் உயிரோடு விளையாடுகிறீர்களா, படித்துப் படித்துச் சொன்னேனே, இந்தப் பெண்ணின் கதி என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். கடைசியில் சிஸ்டரின் குரல்தான் உடைந்தது. அப்பா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, தப்புதாங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் வட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பசிக்குதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சிஸ்டர் தாளைத் தூக்கிப் பார்த்த நொடியில்தான் அப்பாவுக்கு என் திருட்டுத்தனம் தெரிந்திருக்கும், உடனே எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது, தப்பித்தோம் என்றும் இருந்தது.

வலது கையில் புதிதாக நரம்பு இணைத்து அப்பா இன்னும் ஏழு வருடம் இருந்தார். ஒவ்வொரு ஊசியையும் தானே கவனமாக இடம் மாற்றிப் போடச் சொன்னார். அந்த மாதத்தைப் பற்றி ஒரு நாளும் பேச்செடுக்கவில்லை. அவர் சொன்னது முழுப் பொய் என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஊசி எங்கே இறங்குகிறது என்பது நோட்டைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று பதினோரு வயதில் நினைத்திருக்கிறேன். அது அவருடைய கை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.