மாடிப்படியில் உட்கார்ந்த மனானா

மனானாவுக்கு வாய் ஓயாது. ஜார்ஜியாவில் இருந்தபோது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவளின் மாமியார் சண்டையைக் கேட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டு ஏறுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்தது பின்லாந்தில், தம்பெரே நகரத்து ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். விதியை என்னவென்று சொல்ல!

குடியிருந்தது மூன்றாவது மாடி. கதவுகளில் பெயர் இருக்கும், காபி வாசனை வரும். மாடிப்படியில் மட்டும் ஈ காக்கா இருக்காது. குளிர்காலம் முழுக்கச் சலவை இயந்திரங்களோடுதான் பேச்சு.

"பனி உருகுறதுக்குள்ள இந்த வீட்டுல ஒரு ஆளாவது எங்கிட்ட வாயத் திறக்கணும். இல்லேன்னா மூட்டையக் கட்டிடுவேன்" என்று தங்கையிடம் போனில் சொன்னாள். வெறும் மிரட்டல் இல்லை. டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

ஆள் வராவிட்டால் நாமே காத்திருப்போம் என்று காலையில் சீக்கிரமே வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். ஷூ கயிற்றைக் கட்டுவாள், அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். எதிர்வீட்டுப் பூட்டு லேசாகச் சத்தம் போடும். இவள் முகத்தில் சிரிப்பை ஏற்றிக்கொள்வாள். கதவு திறக்காது. பக்கத்து வீட்டில் நாய் முனகும், யாரோ அதை அதட்டுவார்கள். அந்தக் கதவும் திறக்காது. விடுகிற ஆளா இவள்? இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்து உட்கார்ந்தாள்.

என்னைக் கண்டால் இவர்களுக்கு ஆகவில்லை என்று ஒருநாள் தோன்றியது. அன்று ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துக்கொண்டே அழுதாள்.

சரி, கிளம்பிவிடலாம். போவதற்குமுன் கட்டடத்தில் பார்க்காதது ஒன்றுதான் பாக்கி: கீழ்த்தளத்து சவுனா. வியாழக்கிழமை மாலை அந்த நீராவி அறை பெண்களுக்கு. துணியில்லாமல் உட்கார வேண்டும் என்று கூச்சப்பட்டு இதுவரை எட்டிப்பார்க்கவில்லை. இனி யாருக்குக் கூச்சம்?

உள்ளே போனால், பலகையில் இரண்டு பெண்கள். அப்படி ஒரு அரட்டை! வயதில் மூத்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எந்த வீடும்மா நீ?"

"மூணாவது மாடி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தினம் ஷூ கட்டிக்கிட்டே இருக்கறது நீதானா?"

"ஆமா."

"அடிப்பாவி! நான் எதிர்வீட்டு ரைலி. உன்னால எத்தனை பஸ்ஸ விட்டிருக்கேன் தெரியுமா?"

"நான் உங்களுக்காகத்தான்க்கா உக்காந்திருந்தேன்! கதவத் திறந்து வர்றதுதானே?"

"வெளியில நீ இருக்கும்போது எப்படி வர்றது?" ரைலி நிஜமாகவே அதிர்ந்துபோனாள். "படியில ஆள் இருந்தா, அவங்க போறவரைக்கும் உள்ள இருக்கணும். அதுதானே மரியாதை?"

"மரியாதையா! என்னைப் பிடிக்கலைன்னு நான் அழுதுட்டிருக்கேன்!"

"நீ அழுத, எங்க நாய் வெளியில வர முடியாம கம்பளத்துலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு" என்றாள் அடுத்தவள், பக்கத்து வீட்டு சிர்க்கா.

ரைலி சூடான கல்மேல் தண்ணீரை விசிறினாள். ஆவி எழும்பியது. "பிடிக்கலைன்னா உனக்காகப் பஸ்ஸ விடுவேனா, லூசு?"

மனானா சிரித்தாளா அழுதாளா என்று அந்த ஆவியில் யாருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் மூன்று பேரும் பேசிய பேச்சில் கல்லே ஆறிப்போனது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பூட்டுச் சத்தம் கேட்டது. மனானா வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். துவாரம் வழியாகப் பார்த்தாள். ரைலி வந்தாள், மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள்.

"காலை வணக்கம், மனானா!" என்று கதவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உள்ளே மனானா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மரியாதை இல்லையா?

மாலையில் தங்கை கூப்பிட்டு, எந்தத் தேதிக்கு டிக்கெட் என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை எனக்கு ஆள் காத்திருக்கும்டி" என்றாள் மனானா. "மத்த நாள்லயும்தான். கதவுக்குப் பின்னால."