பாவுக்குக் கை கொடுத்தவர்கள்

போன வாரம் செவிலிமேட்டில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் மக்கர் செய்ததால் பழைய பில் புத்தகத்தை எடுத்தார்கள். கடைக்காரப் பெண் தாளுக்கு நடுவில் கார்பனைச் செருகியதும் அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. குக்கர் வாங்கப் போனவள், பணத்தைக் கொடுத்துவிட்டுக் குக்கரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

என் முதல் வேலையின் வாசனை அது. எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலிடம் நான் தமிழ் டைப்பிஸ்ட். புடவைத் தலைப்பில் எப்போதும் நீலக் கறை இருக்கும். பிழையில்லாமல் அடித்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்பிய வயசு. வக்கீலுக்கு ஒரு பயம் உண்டு. தேய்ந்த கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்ததெல்லாம் தெரிந்துவிடுமாம். தினமும் சாயங்காலம் அதைக் கொல்லையில் கொளுத்திவிட்டுத்தான் நான் கிளம்ப வேண்டும்.

அங்கேதான் ஏகாம்பரத்தின் வழக்கு வந்தது. பட்டு நெசவாளர் சங்கத்தின் தலைவர் அவர். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்தபோது, ஒரு முதலாளி வீட்டுக்குள் விடியற்காலையில் புகுந்து தறியிலிருந்த பாவு நூலை அறுத்தார் என்று குற்றப்பத்திரிகை சொன்னது. தறிக்காரர் ஒருவர் மேல் இதைவிடக் கேவலமான பழி கிடையாது. அதை நகலெடுத்து அடிக்கும்போதே எனக்குக் கை கூசியது.

அந்த விடியலில் அவர் இன்னொரு தெருவில் இருந்தார். அங்கே ஒரு வீட்டுக்காரர் பாவு விரித்திருந்தார். புடவையின் நீள நூலைத் தெருவில் இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகச் சரிசெய்ய வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. தெருவே வந்து கை கொடுக்கும், கூலி கிடையாது. ஏகாம்பரமும் அப்படித்தான் போயிருந்தார்.

“ரெண்டு சாட்சி போதும்பா,” என்றார் வக்கீல்.

பாவு விரித்த வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. கை கொடுத்தவர்களில் ஒருவரை விட்டுவிட்டுச் சொல்வது அங்கே அவமரியாதை. “கை வெச்சவன் பேரெல்லாம் போடணும் சார். ஒருத்தன வுட்டா நாளைக்கு அவன் மூஞ்சில எப்டி முழிக்கிறது?”

வக்கீலுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை பேரையும் வீட்டு விலாசத்தோடு அடித்தேன். வழக்கப்படி ஒரு நகல் எதிர்த்தரப்புக்குப் போனது. அன்று சாயங்காலமும் கார்பனை மறக்காமல் கொளுத்தினேன்.

மறுநாள் எதிர் டீக்கடையில் முதலாளியின் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். “நல்லா அடிச்சிக்கிறியேமா. ஒரு பேர்ல கூட தப்பு இல்ல.”



வேலைநிறுத்தம் முடிந்து தறிகள் ஓட ஆரம்பித்திருந்த நேரம். அந்தத் தெரு வழியாகத்தான் நான் வேலைக்கு நடப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. பாவுக்கான பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தால்தான் தறி ஓடும். நெய்து முடித்த புடவையோடு போனவர்களிடம் எல்லா முதலாளிகளும் தன்மையாகவே பேசினார்களாம். “பாவு இல்லபா, அப்புறமா வா.” எந்த வீட்டில் தறி நின்றதோ அந்த வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

சாட்சி விசாரணைக்கு முன்பு ஏகாம்பரம் வந்தார். உட்காரவில்லை.

“சாட்சிங்க யாரும் வேணாம் சார். எடுத்துடுங்க.”

“உள்ள போயிடுவே, தெரியுதா?”

“நான் ஒருத்தன்தானே சார் போவேன். அவங்க வூட்ல அடுப்பு எரியணும்ல.” பிறகு என்னிடம், “சின்னதா அடிச்சிடுமா,” என்றார்.

சின்ன மனுதான். அதில் எத்தனை தப்பு விட்டேன் என்று கேட்காதீர்கள். அவர் ஜெயிலுக்குப் போனார், தெருவுக்குப் பாவு வந்தது. தறிச் சத்தம் பழையபடி கேட்டபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

விடுதலையாகி வந்தவருக்கு எந்த முதலாளியும் பாவு தரவில்லை. ஒருநாள் நான் விடியலிலேயே வேலைக்குக் கிளம்பியபோது அந்தத் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். ஏகாம்பரம் வந்து, எப்போதும்போல் ஒரு ஓரத்தில் குனிந்தார். பக்கத்தில் நின்றவர், பட்டியலில் இருந்தவர்தான், தலை நிமிராமல் சொன்னார்.

“அண்ணே, நீ கை வெக்காத. யாராச்சும் பாத்துக்கினு இருப்பாங்க.”

ஏகாம்பரம் கையை எடுத்துக்கொண்டார். “சரிபா,” என்று சொல்லிவிட்டு, யார் மேலும் இடித்துவிடாமல் ஓரமாக நடந்து போனார். அதற்குப் பிறகு விடியலில் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லையாம்.

அந்தத் தெருவில் இப்போது வாசலுக்கு வாசல் கார் நிற்கிறது. பாவு விரிக்க இடமில்லை. கை வைக்காதே என்று சொல்லக்கூட ஆளில்லை.