நாற்பத்து நான்கு ஜோடிக் காலுறைகள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷம் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள் வில்மா காட்லெக். அவளிடம்தான் நான் தட்டு கழுவும் வேலையில் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். யாராவது பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வேன். வில்மா அதை முதல் நாளே கண்டுகொண்டாள். என்னைத் தொட்டியோடு விட்டுவிட்டு, வருகிறவர் போகிறவரிடம் பேசுவதையெல்லாம் தானே பார்த்துக்கொண்டாள்.

பெரிய உடம்பு, பெரிய கை. உருளைக்கிழங்கைப் பார்க்காமலே தோல் சீவுவாள். அவள் கணவர் எமில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலையில் வேலை செய்து நுரையீரல் கெட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தார். வில்மாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

உலகச் சண்டைக் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில், மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் பத்துப் பெண்கள் கூடி ருஷ்யச் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னினோம். அப்போது ருஷ்யா எங்கள் நாட்டோடு சேர்ந்து சண்டை போட்டது. பாதிரியாரே பெட்டிகளை ஆசீர்வதித்து அனுப்பினார். கம்பளி நூலை அளந்து கொடுத்தது வில்மா. நான் இரண்டு ஜோடி பின்னினேன். ஒன்றில் குதிகால் கோணிவிட்டது. வில்மா அதைத் தூக்கிப் பார்த்து, "இதப் போட்டா அந்த ஆளு வட்டமாத்தான்டி நடப்பான்" என்று சொல்லிப் பிரித்து, தானே சரிசெய்தாள். பிறகு, பெட்டிகளை ருஷ்யாவுக்கு அனுப்பிய சங்கத்திடமிருந்து, நாற்பத்து நான்கு ஜோடிக்கும் சேர்த்து வில்மா பெயருக்கு ஒரு நன்றி அட்டை வந்தது. அதை அவள் சமையல் குறிப்புகள் வைத்திருந்த தகர டப்பாவில் போட்டு வைத்தாள்.

பத்து வருஷம் கழித்து, ருஷ்யா எதிரி நாடாகிவிட்டிருந்தபோது, பள்ளியில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு தாள் வந்தது. நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். ருஷ்யாவுக்கு உதவிய எந்தச் சங்கத்துக்காவது எதையாவது கொடுத்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. மற்றவர்கள் படிக்காமலே 'இல்லை' என்று எழுதினார்கள். நான் படித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன்.

வில்மா தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். 'ஆம், காலுறைகள்' என்று எழுதி, நன்றி அட்டையையும் அதோடு குத்தி அனுப்பினாள். நல்ல காரியத்துக்கு அத்தாட்சி என்று நினைத்திருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தாள் என்று அவளிடம் கேட்டேன்.

"சத்தியம் பண்ற காயிதம்டி. அதுல போயி பொய் எழுதுவாங்களா?" என்றாள்.

நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், பள்ளி விட்டதும் விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டு வில்மாவை விசாரித்தார்கள். பள்ளிக் குழுவின் தலைவர் மிஸ்டர் டென்டன், ஆணியும் சுத்தியலும் விற்கிற கடைக்காரர். அவர் மனைவி கொரின் இரண்டாவது வரிசையில் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவளும் எங்களோடு பின்னியவள். நான் கதவை ஒட்டி உட்கார்ந்தேன்.

முதலில் எமிலின் ஊர் எது, எந்தச் சங்கத்தில் இருந்தார் என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு டென்டன் அட்டையைக் கையில் எடுத்தார்.

"நாப்பத்து நாலு ஜோடின்னு போட்டிருக்கு. கூட யாரு யாரு பின்னினாங்கன்னு பேரச் சொல்லுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

கொரின் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். வில்மா கூடத்தை ஒருமுறை பார்த்தாள். அவள் பார்வை கொரின்மேல் பட்டது, என்மேலும் பட்டது. எங்கேயும் நிற்கவில்லை.

"எல்லாம் நான்தான் பின்னினேன், மிஸ்டர் டென்டன்."

"ஒரே குளிர்காலத்துலயா?"

"எனக்குக் கை வேகம். நம்பலேன்னா உங்க வீட்டம்மாவக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டென்டன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, வேகமான கைதான்" என்றாள் கொரின். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் வில்மாவின் வேலை போய்விட்டது.

மறுநாள் மேலங்கியை எடுக்க வந்தாள். நன்றி அட்டையை அவர்கள் திருப்பித் தரவில்லை. தகர டப்பாவை என் பக்கம் தள்ளினாள். ரொட்டிக்கு எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக உப்புப் போடு என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் அவள் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் பஸ் பிடித்துப் பக்கத்து ஊர்ச் சலவைச்சாலைக்குப் போய்ப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள்.

நவம்பரில் மாதா கோயில் விருந்து வந்தது. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவருவோம். பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்போம். வில்மாவின் முட்டைக்கோஸ் நூடுல்ஸ்தான் வருஷா வருஷம் முதலில் காலியாகும். அன்றும் கொண்டுவந்திருந்தாள். பெயரைப் படிக்க யாரும் பாத்திரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. பச்சை விளிம்பு போட்ட அந்தப் பாத்திரத்தை எல்லோருக்கும் தெரியும். வரிசை நகர்ந்தது. கரண்டிகள் அதைத் தாண்டி உருளைக்கிழங்குக்குப் போயின. கொரினும் தாண்டிப் போனாள்.

என் முறை வந்ததும் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்தேன். அங்கேயே நின்று வாயில் வைத்தேன். வில்மா மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள்.

"போயி உக்காந்து சாப்பிடு. இங்கயே நின்னா எல்லாரும் பாப்பாங்க" என்றாள், உதடு அசையாமல்.

நான் போய் உட்கார்ந்தேன். அவள் உட்காரும் மேஜையில் அல்ல.