அம்மா வெட்டிய கெமுனிங் வேலி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர், அம்மா வெட்டிய வேலி ஒன்றையாவது கடந்து நடந்திருப்பீர்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்த அம்மா, கல்யாணமான கையோடு அப்பாவுடன் கப்பலேறியவர். புக்கித் தீமாவில் ஒரு துரை வீட்டில் அப்பா தோட்டக்காரர். சாலையோரம் முழுதும் கெமுனிங் வேலி. கறிவேப்பிலை போன்ற இலை, வெள்ளைப் பூ. வாசலில் அதே செடியில் வெட்டிய இரண்டு மயில்கள்.

ஐம்பதுகளின் நடுவில் அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வேலை போனால் குடியிருந்த வீடும் போகும். அதைச் சொல்லத் துரையின் கணக்கெழுதும் கிராணியார் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கத்திரியைத் தாமே எடுப்பதாக அம்மா சொன்னார். இது பெண் செய்யும் வேலையா என்று அவர் தயங்கினார்.

"யார் வெட்டுறாங்கன்னு செடி பாக்காதுங்க. ஆறு மாசம் குடுங்க. சரியா வரலன்னா நானே சாவியக் கொண்டாந்து தர்றேன்."

"துரையிட்ட கேட்டுப் பாக்கிறன்" என்று போனவர், தவணையோடு திரும்பினார்.

வேலியின் அடிப்பகுதி அப்போது இலையின்றி வெறும் குச்சியாக இருந்தது. அப்பா சுவர்போல நேராக வெட்டுவார். மேல்தழை மறைத்ததால் அடியில் வெயில் படவில்லை. அம்மா மயில்களை மட்டும் விட்டு, முழங்கால் உயரத்துக்கு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினார். கட்டிலில் கிடந்த அப்பா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்று வாரம் ஒரு துளிரும் இல்லை. பள்ளிவிட்டு வரும்போது அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயம். அம்மா மட்டும் நன்றாகத் தூங்கினார்.

பிறகு அடியிலிருந்தே துளிர்த்தது. நான்கு விரல் வளரும்போதெல்லாம் கயிறு கட்டி, அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் வெட்டினார். ஆறாம் மாதம் வேலி இடுப்பளவில் இடைவெளியின்றி நின்றது; சாவியை யாரும் கேட்டு வரவில்லை. அப்பா கைத்தடி ஊன்றி வந்து பார்த்தார்.

"என் கையில இது இப்படி நின்னதில்ல."

அம்மா மயிலின் கழுத்தை இன்னும் கொஞ்சம் வெட்டினார்.

அம்மாவுக்குக் கோபம் அதிகம். தேக்கா கடைத்தெருவில் கத்திரி தீட்டப் போனால் சாணைக்காரரிடம் சண்டை நிச்சயம். அறுபதுகளில் நகரத் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, பதினொரு ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆனார். மஞ்சள் காமாலை அவரைப் படுக்கவைக்கும்வரை ஒருநாளும் ஓயவில்லை.

மருத்துவமனையில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிவரை நலம் விசாரித்த கிராணியாருக்கும் நன்றி. எனக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லை. அம்மாவைச் சுமந்தவர்கள் அந்தப் பதினொரு பேர். பெண்ணின் கீழ் வேலை செய்யமாட்டோம் என்று முதல் நாள் திரும்பிப் போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.