நாதியில்லை என்று நான் எழுதிய பிள்ளை

1. எங்க பொண்ணு, ஆனா எங்க பொண்ணு இல்ல

திருச்சி கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களில் என்னைவிடப் பழைய ஆள் இப்போது யாரும் இல்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசு சான்றிதழ் என்று எது கேட்டாலும் பத்து நிமிஷத்தில் பேப்பரைக் கையில் கொடுத்துவிடுவேன். பி.எல். படித்த பையன்கள்கூட, "அண்ணே, பொருள்ல என்ன போடலாம்?" என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். ஸ்ரீரங்கத்தில் நான் இருக்கிற வீட்டைக் கட்டியது இந்தப் பேனாதான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இப்பேர்ப்பட்ட நான் ஒரு மனுவில் தலைகுப்புற விழுந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அவர் பெயர் தங்கராசு, துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். மனைவி ராஜேஸ்வரி. காட்டூரில் இருந்தவர்கள், வாடகை கட்டுப்படியாகாமல் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள்.

"பொண்ணுக்கு வர்ற உதவித்தொகை நாலு மாசமா வரலீங்க" என்றார் தங்கராசு.

"யாரு பொண்ணு?"

"எங்க பொண்ணுதாங்க." சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஆனா எங்க பொண்ணு இல்லீங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "தத்தா?"

"தத்து இல்லீங்க. வளர்ப்புப் பராமரிப்பு."

அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. சொந்தக்காரப் பிள்ளையா என்றேன், இல்லை என்றார். பின்னே எப்படி வந்தது என்றேன், குழந்தை நலக் குழு என்று ஒன்று இருக்கிறது, அவர்கள் வீட்டை வந்து பார்த்து, விசாரித்து, உத்தரவு போட்டுக் கொடுத்தார்கள் என்றார். ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லையாம், ஒரு வருஷத்துக்குத்தானாம், பிறகு பார்த்து நீட்டிப்பார்களாம். சாப்பாடு, படிப்பு, வைத்தியத்துக்கு மாசாமாசம் அரசு ஒரு தொகை போடுமாம். அப்படியென்றால் நீ அப்பாவா, இல்லையா என்று கேட்டேன். அவர் பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். எனக்குத் தலை சுற்றியது. தெரியாது என்று சொல்லி நான் யாரையும் திருப்பி அனுப்பியதே கிடையாது. அன்றைக்கும் சொல்லவில்லை.

ராஜேஸ்வரி மெதுவாகச் சொன்னாள். பிள்ளையின் பெயர் பவித்ரா, ஏழு வயது. "காசுக்காகப் புள்ள வளக்குறாளுன்னு பக்கத்து வீட்டுல பேசுறாங்கய்யா. அந்தக் கூச்சத்துலயே நாலு மாசமா போய்க் கேக்கல. இப்ப இவருக்குப் பட்டறையில வேலை கொறஞ்சு போச்சு. அதோட அவ அம்மா, புத்தூர் ஆஸ்பத்திரியில ரொம்ப நாளா..."

"போதும்மா, புரிஞ்சிடுச்சு. கூட்டம் நிக்குது பாருங்க" என்றேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கதை சொல்ல ஆரம்பிக்கிற வாடிக்கைக்காரரை இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச விடமாட்டேன். நீளமாகக் கேட்டால் மனு நீளும், நீளமான மனுவை அதிகாரி படிக்க மாட்டார். அம்மா, ஆஸ்பத்திரி, ரொம்ப நாள். மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

2. கண்ணீர் வரி

மனுவில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் யாரும் எழுதிவிடலாம். நடுவில் ஒரு வரி வரும். அதற்குக் கண்ணீர் வரி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். படிக்கிற கிளார்க் அந்த இடத்தில் ஒரு விநாடி நின்றால் மனு மேலே போகும், நிற்காவிட்டால் கட்டுக்குள் போகும். விதவைக்கு ஒன்று, ஊனமுற்றவருக்கு ஒன்று, பிள்ளைகள் கைவிட்டவர்களுக்கு ஒன்று என்று ஆறேழு வரிகள் எனக்கு மனப்பாடம். இவர்களுக்கு என்னிடம் இருந்ததிலேயே நல்ல வரியைப் போட்டேன்:

'பெற்றோரை இழந்து நாதியற்று நின்ற இக்குழந்தைக்கு இவ்வுலகில் எங்களைத் தவிர வேறு யாருமில்லை. நாங்களே இவளுக்குத் தாயும் தந்தையும் ஆவோம்.'

எழுதியதைப் படித்துக் காட்டினேன். தங்கராசு தலையை ஆட்டினார். ராஜேஸ்வரி மட்டும் காகிதத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"அய்யா, இப்படி எழுதலாமா?"

"எழுதறது என் வேலைம்மா. கையெழுத்துப் போடறது உங்க வேலை" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

3. பூக்காரி

இரண்டு வாரம் கழித்துத் தங்கராசு மட்டும் வந்தார். கையில் குழந்தை நலக் குழுவின் கடிதம். கலெக்டர் ஆபீஸிலிருந்து மனு அவர்களுக்குப் போயிருக்கிறது. குழந்தையோடு குழுவின் முன் வர வேண்டும், மனுவில் எழுதியிருப்பதற்கு விளக்கம் தர வேண்டும், குழந்தையை உங்களிடம் தொடர்ந்து விடுவது பற்றி அன்று முடிவு செய்யப்படும் என்று இருந்தது.

"புள்ளைய எடுத்துக்குவாங்களாங்க? ராஜேஸ்வரி ரெண்டு நாளா சோறே திங்கலீங்க" என்றார்.

என் மனுவுக்கு விளக்கமா? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. குழு வரச் சொன்ன நாளில் என் பேனா, பேப்பர்ப் பெட்டியைப் பூட்டிவிட்டு நானும் அவர்களோடு போனேன். நான் நேரில் பேசினால் விஷயம் முடிந்துவிடும் என்ற நினைப்பு.

அறையில் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வயதான ஒரு அம்மாள், அவர்தான் தலைவர். ஓரத்தில் இளம் வயதில் ஒரு பெண் அதிகாரி, குழந்தைகள் பாதுகாப்பைப் பார்க்கிறவர். பவித்ராவை முதலில் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்த் தனியாகப் பேசினார்கள். எங்களுக்கு எதிர் பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பார்த்த முகமாக இருந்தது. அவள் விரல் நுனிகளில் வாழை நார்க் கறை. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முனையில் பூக் கட்டுகிற செல்வி. அதற்கு முன் ஆறு மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் அவளிடம்தான் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். இவள் எதற்கு இங்கே என்று எனக்கு விளங்கவில்லை. அவளும் என்னைப் பார்த்து, இந்தப் பெரியவர் எதற்கு இங்கே என்பது போலத்தான் முழித்தாள்.

தலைவர் அம்மாள் மனுவை எடுத்து உரக்கப் படித்தார். கண்ணீர் வரியும் வந்தது. என் எழுத்தை இன்னொருவர் படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

செல்வி கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"நான் செத்துட்டேனாங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது, அவள்தான் பவித்ராவின் அம்மா என்று புரிய. மீதியை அங்கே பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன். புருஷன் விட்டுப் போய், காசநோயில் புத்தூர் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தவள் இவள்தான். அப்போதுதான் பிள்ளையைக் குழு எடுத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறது. இப்போது குணமாகி வந்து, பூக் கட்டுகிற பெண்கள் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளையை வந்து பார்க்கிறாள். ராஜேஸ்வரி அன்று சொல்ல வந்தது இதைத்தான்.

தலைவர் அம்மாள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தாய் உயிரோடு இருப்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், வீடு மாறியதையும் சொல்லவில்லை, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்று நாங்கள் நினைத்தால் தப்பா என்று கேட்டார்.

ராஜேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கராசு எழுந்து, "கையெழுத்து எங்களுதுதாங்க" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மனுவில் எழுதியவன் பெயர் இருக்காது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்தேன்.

"அம்மா, அந்த வரி இவங்களுது இல்ல. என்னுது."

"நீங்க யாரு?"

"மனு எழுதுறவன்."

"விசாரிச்சுத்தான் எழுதினீங்களா?"

"இல்லீங்கம்மா. அந்தம்மா சொல்ல வந்தாங்க. நான்தான் சொல்ல விடல."

அந்த நேரத்தில் பவித்ரா பக்கத்து அறையிலிருந்து வந்தாள். நேராக ராஜேஸ்வரியிடம் போய்த் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தாள். மீதியைக் கொண்டுபோய்ச் செல்வியிடம் நீட்டினாள். ரொம்ப நாள் பழக்கம் போல அதைச் செய்தாள். தலைவர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இங்கேயே உட்கார்ந்து வேற எழுதுங்க. உள்ளதை மட்டும் எழுதுங்க" என்று எனக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

4. உள்ளதை மட்டும்

இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு எழுத்து வராமல் போனது அன்றுதான். அந்த இளம் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். வளர்ப்புப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம், டாக்டரிடம் காட்டலாம், அன்றாடம் ஒரு தாய் தகப்பன் செய்கிறதையெல்லாம் செய்யலாம். வீடு மாறினால், பெரிய ஆபரேஷன் என்றால் குழுவுக்குச் சொல்ல வேண்டும். தாய் வந்து பார்ப்பதைத் தடுக்கக் கூடாது. பிள்ளையை விட்டுக்கொடுக்காத தாய் இருக்கும்போது தத்துக் கேட்க முடியாது. அரசு கொடுக்கிற தொகை இவர்களுக்குச் சம்பளம் இல்லை, பிள்ளையின் செலவுக்கு. அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இவர்கள் வீடு மாறியது தெரியாததால் நீட்டிப்புக் காகிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது, உத்தரவு காலாவதியாகி உதவித்தொகையும் நின்றிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. கண்ணீர் வரியே தேவைப்பட்டிருக்காது, விலாசம் ஒரு வரி போதும்.

"புரிஞ்சுதாங்க ஐயா?" என்றார்.

"பாதி" என்றேன்.

எழுதினேன். வீடு மாறியதைச் சொல்லாதது எங்கள் தவறு என்று எழுதினேன். பதினோரு வரி வந்தது. முடித்துவிட்டுச் செல்வியிடம், உனக்கு ஏதாவது சேர்க்கணுமா என்று கேட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள்.

"அவங்க நல்லா பாத்துக்கிறாங்கன்னு எழுதுங்க. வேற எடத்துக்கு மாத்த வேணாம்னு எழுதுங்க." பிறகு, "நான் இருக்கேன்னும் எழுதுங்க" என்றாள்.

முதலில் சொன்னதைப் பன்னிரண்டாவது வரியாகவும், கடைசியாகச் சொன்னதைப் பதிமூன்றாவது வரியாகவும் எழுதினேன். உத்தரவை ஒரு வருஷத்துக்கு நீட்டினார்கள். செல்வி தனி வீடு பார்த்துவிட்டால், பிள்ளையை அவளிடம் அனுப்புவது பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பவித்ரா கே.கே. நகர் வீட்டுக்கே போனாள்.

அதற்குப் பிறகு பேனா மூடியைத் திறக்கும் முன்னால் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "வேற யார் இருக்காங்க?" பதில் முடிகிறவரை வாயைத் திறப்பதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். மற்றபடி பவித்ரா யார் பெண் என்று கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தெரிகிறது. வெள்ளிக்கிழமை செல்வியிடம் பூ வாங்கும்போது நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை.

இந்த வருஷம் நீட்டிப்பு மனுவுக்குத் தங்கராசு, ராஜேஸ்வரி, செல்வி என்று மூன்று பேருமாகச் சேர்ந்து வந்தார்கள். அன்றும் திங்கட்கிழமை, பின்னால் கூட்டம். எழுதி முடித்து ராஜேஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள், ஓர் இடத்தில் நிறுத்திச் செல்வியிடம் காட்டிக் கேட்டுக்கொண்டாள். பின்னால் இருந்து ஒருவர், "பெருசு, நேரமாவுது" என்றார்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.