வா, பா, ரா

நீங்கள் சொன்ன ஒரு விஷயத்தை, ஒரு எழுத்துகூட விடாமல் யாராவது நம்பியிருக்கிறார்களா? சும்மா தலையாட்டுவது இல்லை, நிஜமாக? என் வீட்டில் நான் "மழை வருது, துணியை எடுங்க" என்று கத்தினால்கூட ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். அப்படிப்பட்ட என்னை ஒருத்தி முழுசாக நம்பினாள். அவளுக்கு நாலரை வயசு.

போன வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் ஓரத்தில், பெங்களூரு ஹைவேயை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கும் ஒரு சின்னக் கிளை நூலகம். நான் அப்போது ஈ.சி.ஈ. முடித்துவிட்டு, ஆஃபர் லெட்டர் இன்று வரும், நாளை வரும் என்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தால் திட்டு விழும், நூலகத்தில் இருந்தால் ஃபேன் காற்று வரும். அதனால் அங்கேயே கிடந்தேன். அதைப் பார்த்த நூலகர் சார் ஒருநாள், "சும்மாதானே ஒக்காந்திருக்க? ஞாயித்துக்கெழம சின்னப் பசங்களுக்குக் கதை சொல்லேன். வாய் மட்டும்தான் நல்லா இருக்குதே உனக்கு" என்றார். பாராட்டா, நக்கலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இறங்கினால் அரைகுறையாக இறங்க மாட்டேன். வாரத்துக்கு ஒரு தீம் போட்டேன். சந்தை வாரத்தில் நூலகத்தையே குந்தாரப்பள்ளி சந்தையாக மாற்றினேன். பாதிப் பேர் மாடு, பாதிப் பேர் வியாபாரி. கடைசியில் மாடுகள் சேர்ந்து வியாபாரிகளை விலை பேசிவிட்டன. சக்கர வாரத்தில் எல்லோரும் லாரி. செம ஹிட்.

ஒரே தலைவலி பாஷைதான். எங்கள் ஊரில் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்தால், சிலதுக்கு வீட்டில் தமிழ், சிலதுக்குக் கன்னடம், சிலதுக்குத் தெலுங்கு. நான் தமிழில் ஒரு ஜோக் அடித்தால் ஒரு மூலை விழுந்து விழுந்து சிரிக்கும். மற்ற மூலைகள் என் மூஞ்சியைப் பார்க்கும்.

அதனால் 'குரல் வாரம்' வந்தபோது உட்கார்ந்து யோசித்து நானே ஒரு கதை கட்டினேன். ஒரு அம்மா கோழி. ஓசூர்க் கோழி என்பதால் அதற்கு மூன்று பாஷையும் தெரியும். குஞ்சுகளைக் கூப்பிடும்போது தமிழ் 'வா', கன்னட 'பா', தெலுங்கு 'ரா' மூன்றையும் ஒட்டி ஒரே மூச்சில் "வா-பா-ரா!" என்று கூப்பிடும். நரியோ வெளியூர். அதற்கு ஒரே ஒரு பாஷைதான் தெரியும். அது எந்தப் பாஷை என்று குஞ்சுகளுக்குத் தெரியாது. ஆகவே யார் ஒற்றைப் பாஷையில் கூப்பிட்டாலும் அது நரி. மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தால்தான் அம்மா.

கதை முடிந்ததும் அதையே ஒளிந்து விளையாடும் ஆட்டமாக்கினேன். குழந்தைகள்தான் குஞ்சுகள், நான்தான் நரி. விடுவேனா? முழு பெர்ஃபார்மன்ஸ்.

"நரி உங்க அம்மா மாதிரியே கூப்பிடும். கொஞ்சும். அழும்கூட. தேம்பித் தேம்பி அழும். நீங்க ஏமாறக் கூடாது!"

சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்து அழுதும் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கெத்தாக இருந்தது.

எல்லோரும் ஓடி ஒளிந்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை கொட்ட ஆரம்பித்தது. நூலகத்துக்குத் தகரக் கூரை. பக்கத்தில் நின்று கத்தினால்கூடக் காதில் விழாது. கரண்டும் போனது. பெற்றோர்கள் குடையும் ரெயின்கோட்டுமாக ஓடி வந்தார்கள். நான் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, தொண்டை கிழிய "வா-பா-ரா!" என்று கத்தினேன். மேசைக்கு அடியிலிருந்தும் அலமாரிக்குப் பின்னாலிருந்தும் குஞ்சுகள் வந்தன. வந்ததை வந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். ஹால் காலியானது. வேலை முடிந்தது என்று உட்கார்ந்து மறுபடி போனைத் தேய்த்தேன்.

மழை சுத்தமாக விட்டபோது ஒரு அம்மா வந்தார். நீல யூனிஃபார்ம், கழுத்தில் கம்பெனி டேக். காலை ஷிஃப்ட்டுக்குப் போகும்போது மகளை எங்களிடம் விட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் இறங்கிக் கூட்டிப்போவது அவர் வழக்கம். முன்வரிசையில் வாய் மூடாமல் பார்த்தது அவர் மகள்தான்.

"பாப்பா எங்கம்மா?"

"எல்லாரும் போயிட்டாங்களேக்கா. அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிருப்பாரு."

"அவரு லோடு ஏத்திக்கிட்டு ஹூப்ளி போயிருக்காரும்மா."

அப்போதுதான் இருவரும் வாசலைப் பார்த்தோம். ஒரே ஒரு ஜோடி குட்டிச் செருப்பு கிடந்தது. ரோஸ் கலர். நடந்தால் கீச் கீச் என்று சத்தம் போடுமே, அந்த வகை.



ஹால், மேசைக்கு அடி, அலமாரிக்குப் பின்னால், பாத்ரூம், எல்லாம் பார்த்தோம். பின்பக்கம் ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. பழைய பேப்பர் கட்டுகளும் புத்தகம் வந்த அட்டைப்பெட்டிகளும் அங்கே அடைந்து கிடக்கும். சார் போன் டார்ச்சை அடித்து, "பாப்பா, வாம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை. "இங்க இல்ல" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"செருப்பு போடாமயே வெளிய போயிருக்கும் போல" என்று சார் மெதுவாகச் சொன்னார். நூலக வாசலிலிருந்து ஹைவே நூறு அடிகூட இருக்காது. நடுவில் ஒரு திறந்த சாக்கடை. மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் விளிம்பு வரை ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா நேராக அதன் கரைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பை சுழன்று போனதைப் பாப்பா சட்டை என்று நினைத்துவிட்டேன்.

"ரா தல்லி... அம்ம ஒச்சிந்தி, ரா..." அவர் கூப்பிட்டுக்கொண்டே சாக்கடையோரம் நடந்தார். அம்மா வந்துட்டேன், வாடா கண்ணு என்று தெலுங்கில் அழுகிறார். கொஞ்ச தூரம் போவார், திரும்பி ஓடி வருவார்.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் ஆளாளுக்கு ஒன்று.

"நேத்துதான் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. புள்ள புடிக்கிறவங்க இந்தப் பக்கம் சுத்தறாங்களாம்."

"காலையில இவன் அந்தப் புள்ளைக்கு பூரி குடுத்தான். நான் பாத்தேன்."

இவன் என்றது எங்கள் வாசலில் பானிபூரி வண்டி போடும் வடக்கத்திக்காரரை. ஞாயிறு ஆனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரு வெறும் பூரி கொடுப்பார். அது எனக்கும் தெரியும், எனக்கே கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்குள் இரண்டு பேர் அவருடைய வண்டியின் கீழ்க்கதவைத் திறந்து உள்ளே இருந்ததை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புள்ள எங்கடா? தமிழ்ல சொல்லு!"

"நஹி மாலும் பையா... நஹி மாலும்..."

"அண்ணா, தெரியாதுன்னுதான் சொல்றாரு. அவருக்குத் தமிழ் வராதுண்ணா" என்றேன்.

"தமிழ் வராதவனுக்கு இங்க என்னாம்மா வேலை?" என்று ஒருவர் சீறினார். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் அவர் போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பானிபூரிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்தார். தட்டில் அடுக்கியிருந்த பூரிகள் சேற்றில் கொட்டின. எனக்கு அதற்கு மேல் சத்தம் வரவில்லை. ஊருக்கே வாய் காட்டுகிற எனக்கு.

அந்த அம்மா திரும்ப என்னிடம் ஓடி வந்தார். "என் கொரல் கேட்டா எங்க இருந்தாலும் ஓடி வந்துருவாம்மா அவ. இத்தினி வாட்டி கூப்பிட்டுட்டேன், வரலியே. அப்டின்னா பக்கத்துல இல்லதானே? தூரமா போயிட்டாதானே?"

 

அப்போதுதான் அது காதில் விழுந்தது. நூலக வாசலில் நின்று சார் கூப்பிடுகிறார்: "வாம்மா பாப்பா, வா..." ஆட்டோ அண்ணன் ஒருத்தர் சுவரோரமாகத் தேடிக்கொண்டு கன்னடத்தில் கூப்பிடுகிறார்: "எல்லிதீயா புட்டி? பா, பா..." என் எதிரிலேயே இந்த அம்மா: "ரா தல்லி, ரா..."

வா. பா. ரா.

மூன்றும் வருகிறது. ஆனால் மூன்று வாயிலிருந்து வருகிறது.

 உள்ளே ஓடினேன். சாரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து, "வா-பா-ரா!" என்றேன். அழுகையில் குரல் உடைந்து வந்தது.

ஒன்றும் அசையவில்லை.

மறுபடி சொன்னேன். ஒன்றுமில்லை. பின்னால் அந்த அம்மா வந்து நின்றார், அவருக்குப் பின்னால் பாதிக் கூட்டம். வெளியே இன்னும் "சொல்லுடா, சொல்லுடா" என்று கேட்கிறது. நான் நினைத்தது தப்பாக இருந்தால்?

அழக் கூடாது. நரிதான் அழும். நான் கோழி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு முழங்கையையும் இறக்கை மாதிரி மடக்கி அடித்து, காலையில் கதையில் அம்மா கோழிக்குச் செய்தது மாதிரியே, "க்கொக்... க்கொக்... க்கொக்... வா-பா-ரா!" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால். யாரும் சிரிக்கவில்லை.

பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால், சுவர் மூலையில் கவிழ்ந்து கிடந்த ஒரு அட்டைப்பெட்டி லேசாக எழும்பியது. அடியில் இரண்டு கண் தெரிந்தது.

"நரி போயிடுச்சாக்கா?"

மூக்கு நுனியெல்லாம் தூசி. தலையில் ஒட்டடை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "நான்தானே ஜெயிச்சேன்? யாருமே என்னைக் கண்டுபுடிக்கல!"

அவள் அம்மா அவளைப் பிடுங்குவது மாதிரி தூக்கினார். முத்தமா அடியா என்று தெரியாத வேகத்தில் என்னென்னவோ செய்தார். பிறகு கேட்டார்: "அம்மா கூப்ட்டது கேக்கலியா தல்லி?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டி வரல?"

"ரா மட்டும்தானே சொன்ன? அழுதுகிட்டு வேற கூப்ட்ட. நரிதான் அழும்னு அக்கா சொன்னாங்க."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் நாலு விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கத்தவில்லை. "கதை நல்லாதான் சொல்ற" என்றார். "என் கொரலையே நரி கொரல் ஆக்கிட்டியேம்மா."

குழந்தை கிடைத்துவிட்டது என்றதும் வெளியே கூட்டம் ஒரு நொடியில் கரைந்தது. காலரைப் பிடித்தவர் சட்டையைச் சரி செய்துவிடுவது மாதிரி பானிபூரிக்காரர் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். பானிபூரிக்காரர் உட்கார்ந்து சேற்றில் இருந்த தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பொறுக்கினேன். ஸாரி என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியூர், ஒரே பாஷை தெரியும் என்று நரிக்கு நான் காலையில் சிரிப்புக்காக வைத்த அடையாளம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என் கதையைக் கேட்டிருக்கவே மாட்டார். கேட்டாலும் புரிந்திருக்காது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தாள், கூடவே அவள் அம்மாவும். ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தாராம். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் என்னதான் சொல்கிறேன் என்று முழுக் கதையையும் கேட்டார். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் எழுந்து, "கடேசில நான்தான் கூப்புடுவேன். நான் கூப்ட்டா ஆட்டம் முடிஞ்சது. அத மொதல்ல சொல்லு அவங்களுக்கு" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து அதுதான் சட்டம். எந்த அம்மா, எந்த அப்பா, எந்தப் பாஷையில் கூப்பிட்டாலும் ஆட்டம் அங்கேயே முடியும். என் கதை நரி இப்போது வெளியூரும் இல்லை, அதற்கு எல்லாப் பாஷையும் தெரியும்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் கதையை விடவில்லை. நான் பேச்சுவாக்கில் விடும் ஒரு வரியைக்கூட ஒருத்தி இருட்டில், பெட்டிக்கு அடியில், அம்மா அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் ஒவ்வொரு வரியையும் வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோகிறேன்.

பானிபூரிக்காரர் இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் வண்டி போடுகிறார்.